பிளக் கொடுத்த போட்டியாளர்!

1930-ம் ஆண்டு. எகிப்தின் அபூகிர் விமானத்தளம். இங்கிலாந்திலிருந்து கராச்சிக்குத் தனியாகப் பறந்துவந்த 17 வயது ஆஸ்பி இன்ஜினியர், ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்து நின்றார். ஆகா கான் அறிவித்த பரிசுக்கான போட்டி அது. எதிர்த்திசையில் பறந்துவந்த போட்டியாளர், தன்னிடமிருந்த உதிரி பிளக்கை எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவர் ஜே.ஆர்.டி. டாடா. ஜெயித்தவர் ஆஸ்பி!

'இன்ஜினியர்' என்பது அவர்களின் பார்சி குடும்பப் பெயர். பிறகு ஆஸ்பியும், தம்பி மினூவும் இந்திய விமானப்படையில் சேர்ந்தார்கள். அப்போது நம்மை ஆண்டது பிரிட்டன். அண்ணன், தம்பி இருவருமே பிரிட்டனின் டி.எஃப்.சி. வீரப் பதக்கம் பெற்றவர்கள்.

இரண்டாம் உலகப்போரில், நாஜிகளிடம் நாட்டைப் பறிகொடுத்த செக் விமானிகளும் தப்பிவந்து பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலரை, 1948-ல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட் அரசு சிறையில் தள்ளியது. 'அந்நியனுக்காகப் பறந்தவர்கள்' என்ற சந்தேகம்தான் காரணம்.

சுதந்திர இந்தியா அப்படிச் சந்தேகப்படவில்லை. மினூவுக்கு மகாவீர் சக்ரா வழங்கியது. 1960-ல் ஆஸ்பியை விமானப்படைத் தளபதியாக்கியது. 1971 போரில் மேற்கு எல்லையின் வான்பாதுகாப்பு இருந்தது, தம்பி மினூவின் கையில்!