தாத்தா கேமராவுக்கு லட்ச ரூபாயா?

"தாத்தா காலத்து கேமரா வீட்டுல இருந்தா விட்டுடாதீங்க, லட்ச ரூபாய்க்குக் குறையாது." காஞ்சிபுரம் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுகிறார்கள், செல்போனில் வீடியோ வீடியோவாக வருகிறது. இதை நம்பி நியாயமான விலைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கேமராவைப் பரணிலேயே பூஞ்சைக்குக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அதனால் இந்தப் பேச்சுக்கு ஆதாரமாகச் சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பழசானால் விலை ஏறும் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. கோடக் நிறுவனம் 1900-இல் ஒரு டாலருக்கு விற்ற பிரௌனி பெட்டி கேமராவுக்கு வயது நூற்றி இருபதைத் தாண்டிவிட்டது. ஆனால் பிரௌனி வரிசைக் கேமராக்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதனால் சாதாரண பிரௌனிக்குப் பெரிய விலை கிடையாது. நம் வீடுகளில் அதிகம் கண்ணில் படும் அக்ஃபா கிளிக் III, பரோடாவில் செய்யப்பட்டு நாடெங்கும் விற்றது. அதன் கதையும் இதுதான். மறுபக்கம், 1990-இல் வந்த கான்டாக்ஸ் டி2 சட்டைப்பையில் அடங்கும் சின்ன கேமரா. அதற்கு இந்தப் பெட்டி கேமராக்களைப் போலப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். ஃபிலிமில் படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் அதைத் தேடுகிறார்கள், கிடைப்பதோ குறைவு. பட்டு ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பழைய புடவையை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் அதன் வயதைக் கேட்பதில்லை. சரிகையை உரசி வெள்ளி எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை சொல்வார்.

அடுத்து ஏலச் செய்தி. ஜெர்மனியில் 2022 ஜூன் மாதம் ஒரு லைகா கேமரா 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது உண்மை. அது லைகாவை உருவாக்கிய ஆஸ்கார் பார்னாக் தானே வைத்திருந்த கேமரா. வியூஃபைண்டரின் மேல் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வரிசை எண் 105. விற்பனைக்கு வரும் முன் சோதனைக்காக 1923 வாக்கில் செய்யப்பட்ட இருபத்துச் சொச்சம் கேமராக்களில் அதுவும் ஒன்று. அந்த விலையைக் காட்டி நம் வீட்டுக் கேமராவுக்கு விலை வைக்க முடியாது. 1954-இல் வந்த லைகா எம்3 இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதற்கு இன்றும் நல்ல விலை இருக்கிறதென்றால், சர்வீஸ் செய்து வைத்தால் இன்றைக்கும் அருமையாகப் படம் எடுக்கும் என்பது ஒரு பெரிய காரணம்.

"நெட்டுல எண்பதாயிரம் போட்டிருக்கான் சார்" என்பார்கள். ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். அவர் போட்டிருப்பது கேட்கும் விலை. யாரும் வாங்காததால்தான் அந்த விளம்பரம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. இபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. அதே மாடல், அதே லென்ஸ், ஏறக்குறைய அதே நிலையில் உள்ள கேமராக்கள் சமீபத்தில் என்ன விலைக்குக் கை மாறின என்று அங்கே பாருங்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சர்வீஸ் செலவையும், தளத்தின் கமிஷனையும், அனுப்பும் கூலியையும் கழியுங்கள். வியாபாரியிடம் கொடுப்பதென்றால் அவருடைய லாபத்துக்கும் இடம் விட வேண்டும். மிஞ்சுவதுதான் உங்கள் கைக்கு வரும் விலை. அச்சான விலைக் கையேடுகளை நம்பிப் பேசுகிறவர்களும் உண்டு. சேகரிப்பாளர்கள் கொண்டாடிய மெக்கியோன் கையேட்டின் பன்னிரண்டாம் பதிப்பு 2005–06-க்கானது. மாடலை அடையாளம் காண இன்றும் அதைவிட நல்ல துணை கிடைப்பது கஷ்டம், ஆனால் அதிலுள்ள விலைகள் காலாவதியாகிவிட்டன.

"லைகான்னு பேரே பொறிச்சிருக்கு, தங்க முலாம் வேற" என்று ஒருவர் காட்டினால் இன்னும் எச்சரிக்கை தேவை. சோவியத் ஒன்றியத்தில் லைகாவைப் பார்த்து ஃபெட், ஸோர்கி கேமராக்களை ஏராளமாகச் செய்தார்கள். பின்னாளில் அவற்றின் மேல் லைகா பெயரையும் ஜெர்மன் ராணுவ முத்திரையையும் பொறித்து விற்ற கூட்டம் பெரியது. லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளும் சின்னக் கை அங்கே தெரியும். அசல் லைகாவில் அதன் நுனியில் உருளும் குட்டிச் சக்கரம் இருக்கும். சோவியத் கேமராவில் சக்கரம் இல்லாமல் சாய்வாகச் சீவிய உலோகத் துண்டு இருக்கும்.

"ஓடலன்னா என்ன, ஷோகேஸ்ல வைக்கத்தானே வாங்குறாங்க" என்பதும் தவறு. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு வீட்டில் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா ஒன்றை என்னிடம் கொடுத்து, "என் மாமனார் வெச்சிருந்தது தம்பி, நல்லா துடைச்சு வெச்சிருக்கேன்" என்றார் ஒரு அம்மா. ஷட்டரை ஒரு விநாடிக்கு வைத்துத் தட்டினால் திறந்தபடியே நின்றது. உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தது. அது சர்வீஸில் சரியாகிவிடும். டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து அடித்தபோதுதான் உண்மையான நஷ்டம் தெரிந்தது: கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. பல வருடமாகத் தோல் உறையை விட்டு எடுக்காமல் வைத்திருந்தார்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நம் ஊர் மழைக்காலத்துக்கு அதைவிடக் கெட்ட பெட்டி இல்லை. பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும், அது கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. போதாததற்கு முகப்புத் தகட்டைப் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. கைபட்டு இயல்பாகத் தேய்ந்த கறுப்புப் பூச்சைச் சேகரிப்பாளர்கள் ரசிப்பார்கள். பாலிஷ் போட்டதைக் கண்டால் விலையைக் குறைப்பார்கள். நல்ல நிலையில் கிடைக்கும் விலையில் ஒரு சிறு பங்குதான் அந்தக் கேமராவுக்குத் தேறும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

துணி போர்த்திப் படம் எடுக்கும் ஸ்டூடியோ மரக் கேமராவுக்குக் கணக்கு வேறு. அதில் பல சமயம் பெட்டியைவிட லென்ஸுக்குத்தான் மதிப்பு. பித்தளைக் குழாயில் டால்மேயர், ராஸ், வாய்க்லாண்டர் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியில் கேமரா செய்த ஆலப்புழை வாகீஸ்வரி நிறுவனத்தின் பெயர் இருந்தால், இந்தியத் தயாரிப்பு என்பதற்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அலங்காரத்துக்காக இப்போது புதிதாகச் செய்யும் பித்தளைக் கேமராக்களுக்குச் சேகரிப்பாளர்களிடம் விலையே இல்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று: "கேமராவுக்குத்தான் காசு, அந்தக் கண்ணாடி நெகட்டிவெல்லாம் குப்பை" என்பது. இதே திருப்பருத்திக்குன்றத்தில் வர்த்தமானர் கோயில் சங்கீத மண்டபத்தின் விதான ஓவியங்களைப் பற்றி டி. என். ராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-இல் வெளியிட்டது. அந்த ஓவியங்கள் அன்று எப்படி இருந்தன என்பதற்கு அதிலுள்ள புகைப்படங்கள் சாட்சி. அவற்றை எடுத்த கேமரா எது என்று யாரும் தேடவில்லை. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களை எண்மமாக்கிக் காக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. சந்தை விலை என்று பார்த்தாலும், எந்த ஸ்டூடியோ, யார் எடுத்தார், எந்த ஆண்டு என்று சொல்லும் நெகட்டிவும் பில் புத்தகமும் கூட இருந்தால் அந்தக் கேமரா மற்ற நூறு கேமராக்களிலிருந்து தனித்துத் தெரியும். ஆகவே வாங்க வருகிறவரிடம் கேமராவை மட்டும் பிரித்துக் கொடுக்காதீர்கள். பரணில் உள்ள பெட்டிகளையும் இறக்கி, வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஊர், ஆண்டு, ஆள் பெயர் எழுதி ஒட்டிவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.