பெயர் சுட்டுவது ஊரையா, தொழிலையா?

இங்கிலாந்தில் ‘லர்ச்சர்’ என்பது ஓர் இனத்தின் பெயரன்று, தொழிலையொட்டிய பெயர். கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாயின் வேகத்தோடு, கோலி போன்ற மேய்ப்பு நாயின் அறிவையும் பணிவையும் இணைக்கும் கலப்பினை அச்சொல் குறிக்கும். தமிழகத்திலோ இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என நாய்கள் ஊரால் பெயர்பெற்றன. அப்பெயர்களே இன்று தூய்மையின் முத்திரையாகிவிட்டதால், கலப்பு நாய் தாழ்வாக எண்ணப்படுகிறது.

கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிவுசெய்திருப்பது மரபுக் காப்புக்கு இன்றியமையாதது. ஆயினும் மரபைக் காப்பது வேறு. உழவர் தம் தொழிலுக்கு நாயைத் தேர்வது வேறு. முயலைத் துரத்தப் பழகிய வேகம், ஓடும் ஆட்டுக்குட்டியையும் துரத்தக்கூடும். மேலும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுவிலங்கை விரட்டுவதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது.

எஞ்சியிருக்கும் தொழில் தோட்டக் காவலும் கிடைக் காவலுமே. எனவே குட்டி வாங்குபவர் வினவ வேண்டியது நிறத்தையோ சான்றிதழையோ அன்று: தாய் எந்தக் கிடையைக் காத்தது? ஆடு மிரண்டோடியபோது என்ன செய்தது? அழைத்தவுடன் திரும்பியதா? இவற்றுக்கு நல்விடை தரும் கலப்பு நாய், மரபின் சிதைவன்று. மேய்ப்பரின் தேர்ந்த அறிவு.