கல்லும் பாடம் சொல்லும்!

ஐந்தாங்கல் ஆடும் சிறுமி கண்ட கல்லை எல்லாம் எடுக்கமாட்டாள். வழவழப்பான உருண்டைக் கல்லாகப் பார்த்துப் பொறுக்குவாள்.

அந்தக் கல் எப்படி உருண்டை ஆயிற்று? ஆற்று வெள்ளம் அதை உருட்டிக்கொண்டே வந்தது. மற்றக் கற்களோடு மோதி மோதி முனைகள் தேய்ந்தன. மலை அடிவாரத்தில் உடைந்து கிடக்கும் கல்லுக்கு முனை கூராக இருக்கும். அது வெகுதூரம் உருண்டு வரவில்லை!

விளையாட்டே பாடம் ஆகிவிட்டது. கல்லையும் மண்ணையும் பற்றிய இந்தப் படிப்புக்கு நிலவியல் என்று பெயர்.

கடல் இருந்த ஊர்

அரியலூரில் இன்று கடல் இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகள் கல்லாக மாறி, அந்த வட்டாரத்தில் இன்றும் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர்! விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் கல் மரங்கள் உண்டு. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு.

அரியலூர்ப் பகுதியில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். வீடு கட்டச் சிமெண்டு வேண்டும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்லோடு கல்லாக ஓர் அரிய சிப்பியும் அரைபட்டுப் போகலாம். "இது என்ன?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? அது அந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தால் எவ்வளவு நல்லது!

எழுதினால் கண் திறக்கும்

அதற்கு வெளியே விளையாடினால் மட்டும் போதாது. வகுப்புக்கு வந்ததும் எழுத வேண்டும்.

"கல் கறுப்பு" என்று ஒரு பையன் எழுதுவான். "முழுவதும் கறுப்பா? புள்ளி உண்டா? எங்கே கிடைத்தது?" என்று ஆசிரியர் கேட்க வேண்டும். பதில் எழுதுவதற்காக அவன் கல்லை மறுபடியும் பார்ப்பான். அந்த இரண்டாவது பார்வைதான் படிப்பு!

இதற்குச் செலவும் இல்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் போதும். மணல் முதலில் அடியில் தங்கும். களிமண் கடைசியில் படியும். கடலுக்கு அடியிலும் மண் இப்படித்தான் படிந்தது; நாளடைவில் இறுகிப் பாறை ஆயிற்று.

"கல் பொறுக்கினால் மார்க்கு வருமா?" என்று பெற்றோர் கேட்கலாம். பார்த்ததைச் சொந்த வார்த்தையில் எழுதப் பழகிய பிள்ளை, எந்தப் பாடத்தையும் புரிந்து எழுதும். மனப்பாடம் மறக்கும். கண்ணால் கண்டது எளிதில் மறக்காது.

ஜாக்கிரதையும் தேவை. கல் குவாரிக்கும் கிணற்று ஓரத்துக்கும் பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. திருவக்கரையும் சாத்தனூரும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கே ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது.

கல்லை அங்கேயே விட்டுவிட்டு, கதையை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவரட்டும்!