அரசியல் + உளவியல்: ஒரே நேரத்தில் ரெண்டு டிகிரி படிக்கலாமா? எதை ரெகுலரில், எதை கரஸ்ஸில் படிக்கணும்?

"காலேஜ்ல பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் சேர்ந்துக்கலாம், சைக்காலஜியை கரஸ்ல போட்டுக்கலாம்." சிவில் சர்வீஸ், தேர்தல் வியூகம், மீடியா என்று கனவு காணும் பல மாணவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு இது.

அந்தக் கணக்கு இப்போது செல்லாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலை தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி உத்தரவிட்டுவிட்டது. அப்படியானால் இந்த ரெண்டு பாடத்தையும் சேர்த்துப் படிக்கவே முடியாதா? முடியும். ஆனால் எதை எங்கே படிப்பது என்பதைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி சட்டப்படி சரியா?

சரிதான். இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2022 ஏப்ரலில் யுஜிசி வெளியிட்டது. அதன்படி மூன்று வழிகள் உண்டு.

• இரண்டையுமே நேரடி வகுப்பில் படிக்கலாம். ஆனால் வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதக் கூடாது.
• ஒன்றை நேரடியாகவும், மற்றொன்றை தொலைதூரக் கல்வி அல்லது ஆன்லைனிலும் படிக்கலாம்.
• இரண்டையுமே தொலைதூரக் கல்வி அல்லது ஆன்லைனில் படிக்கலாம்.

பிஎச்.டி.-க்கு இது பொருந்தாது. தொலைதூரப் படிப்பு என்றால், அந்தப் படிப்பை நடத்த அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும்.

"நான் 2022-க்கு முன்னாடியே ரெண்டு டிகிரி படிச்சுட்டேனே, அது செல்லாதா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது. 2022 ஏப்ரல் 13-க்கு முன்பு ஒரே நேரத்தில் படித்த பட்டங்களும், அப்போதைய விதிகளுக்கு உட்பட்டிருந்தால் செல்லும் என்று 2025 ஜூனில் யுஜிசி திருத்தம் கொண்டுவந்தது.

பிறகு உளவியலுக்கு மட்டும் ஏன் தடை?

காரணம் 2021-ல் வந்த ஒரு சட்டம். மருத்துவர், செவிலியர் தவிர மருத்துவத் துறையைச் சார்ந்த மற்ற பல தொழில்களை ஒழுங்குபடுத்த, தேசிய துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பிசியோதெரபி, ஊட்டச்சத்து ஆலோசனை போன்றவற்றோடு உளவியலாளர் தொழிலும் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் வாங்குவது சரியல்ல என்பதுதான் யுஜிசியின் நிலைப்பாடு. நேரடிப் பயிற்சி இல்லாமல் படித்தவர் நாளை ஒரு மனநலப் பிரச்னையோடு வருபவர் எதிரே உட்காரப் போகிறார் என்றால், கவலை நியாயமானதுதான்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பி.ஏ. என்ற பொதுவான பெயரில் அரசியல் அறிவியல், வரலாறு, பொருளாதாரம், உளவியல் என்று பல பிரிவுகளை ஒரு தொலைதூர நிறுவனம் நடத்தினால், அதில் உளவியல் பிரிவு மட்டும்தான் போகும். அரசியல் அறிவியலுக்கு எந்தத் தடையும் இல்லை.

ஆக, விடை எளிது: உளவியலை கல்லூரியில் நேரடியாகப் படியுங்கள், அரசியல் அறிவியலை கரஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இக்னோ போன்ற நிறுவனங்களில் அரசியல் அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது.

டபுள் டிகிரி, டபுள் மேஜர்: ரெண்டும் ஒன்றா?

இல்லை. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

டபுள் டிகிரி என்றால் இரண்டு சேர்க்கை, இரண்டு கட்டணம், இரண்டு தேர்வு, கடைசியில் இரண்டு சான்றிதழ்.

டபுள் மேஜர் என்றால் ஒரே டிகிரி, அதில் இரண்டு முதன்மைப் பாடம். புதிய கல்விக் கொள்கையை ஒட்டி 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பில் இதற்கு இடம் உண்டு. மூன்றாண்டுப் படிப்புக்கு 120 கிரெடிட். அதில் 40 சதவீதம், அதாவது 48 கிரெடிட்டை இரண்டாவது பாடத்தில் எடுத்தால் டபுள் மேஜர் ஆகிவிடும்.

ஆனால் தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. இங்குள்ள அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு மேஜர், அதனுடன் துறை முடிவு செய்யும் அலைடு பாடம் என்பதுதான் பழக்கமான முறை. உளவியலுக்கு அரசியல் அறிவியல்தான் அலைடாக வேண்டும் என்று மாணவர் கேட்டு வாங்க முடிவதில்லை. அதனால்தான் இங்குள்ள மாணவர்களுக்கு 'டிகிரி ப்ளஸ் கரஸ்' என்ற வழி முக்கியமாகிறது.

சரி, இந்த ரெண்டும் ஏன் சேரணும்?

அரசியல் அறிவியல் அமைப்பைப் பார்க்கிறது: அரசியலமைப்பு, தேர்தல் முறை, கட்சி, அதிகாரம். உளவியல் அந்த அமைப்புக்குள் இருக்கும் மனிதரைப் பார்க்கிறது. ஒன்றை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். நமக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஓட்டுக்குப் பணம். பணப் பட்டுவாடா புகாரால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் தேர்தல் தள்ளிப்போனது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது.

அரசியல் அறிவியல் மாணவர் இதற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ஐ எடுப்பார். 123-வது பிரிவின்படி லஞ்சம் ஊழல் நடவடிக்கை என்பார். சரி. ஆனால் வாக்கு ரகசியமானது. பணம் வாங்கியவர் யாருக்குப் போட்டார் என்று கொடுத்தவருக்குத் தெரியவே போவதில்லை. அப்படி இருந்தும் ஏன் கொடுக்கிறார்கள்? வாங்கியவர்களில் சிலர் ஏன் 'வாங்கின காசுக்கு' ஓட்டுப் போட வேண்டும் என்று நினைக்கிறார்கள்?

இந்த இடத்தில் சட்டப் புத்தகம் கைகொடுக்காது. ஒருவர் எதையாவது கொடுத்தால் திருப்பிச் செய்யாமல் இருக்க மனசு கேட்பதில்லை. கேட்டு வாங்காததாக இருந்தாலும் அப்படித்தான். உளவியலில் நன்கு ஆராயப்பட்ட விஷயம் இது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்த ஊரில் அது இன்னும் ஆழமாக வேலை செய்யும். வேறு காரணங்களும் இருக்கலாம்: பணம் தராதவர் ஜெயிக்க மாட்டார் என்ற கணிப்பு, நம்மை மட்டும் விட்டுவிட்டார்களே என்ற கோபம். இதையெல்லாம் புரிந்துகொள்ளாமல் பறக்கும் படையை மட்டும் அதிகப்படுத்தினால் பணம் பிடிபடும், பழக்கம் மாறுமா?

வார்த்தை மாறினால் முடிவு மாறும். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1981-ல் வெளியிட்ட ஆய்வு இது. 600 பேரைக் கொல்லக்கூடிய நோய் வருகிறது, எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டார்கள். "இந்தத் திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள்" என்றபோது 72 சதவீதம் பேர் அதை எடுத்தார்கள். அதே திட்டத்தை "400 பேர் இறப்பார்கள்" என்று சொன்னபோது 22 சதவீதம் பேர்தான் எடுத்தார்கள். கணக்கு ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு. தேர்தல் அறிக்கையையும் பட்ஜெட் உரையையும் இதை மனதில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஒரு பட்டன், லட்சக்கணக்கான ஓட்டு. 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளில் சுமார் 6.1 கோடி ஃபேஸ்புக் பயனாளர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 'நான் ஓட்டுப் போட்டேன்' என்ற பட்டனோடு, ஏற்கெனவே போட்ட நண்பர்களின் படங்களும் பலருக்குக் காட்டப்பட்டன. அந்தச் செய்தியால் மொத்தம் சுமார் 3,40,000 ஓட்டுகள் கூடுதலாக விழுந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் 2012-ல் மதிப்பிட்டார்கள். ஒரு தனியார் நிறுவனம் வாக்குப்பதிவை இப்படி நகர்த்த முடியும் என்றால் அதை யார் கேட்பது? முதல் பாதி உளவியல், இரண்டாம் பாதி அரசியல்.

அரசுகளும் இதைக் கவனிக்காமல் இல்லை. பிரிட்டன் 2010-லேயே மனித நடத்தையை ஆராய்ந்து கொள்கை வகுக்க ஒரு தனிக் குழுவை அமைத்தது. இந்தியாவின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை நடத்தை அறிவியலுக்கு ஒரு அத்தியாயத்தையே ஒதுக்கியது.

யுபிஎஸ்சி-க்கு ரெண்டும் உதவுமா?

உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு அல்ல.

சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் அரசியல் அறிவியல், உளவியல் இரண்டுமே விருப்பப் பாடப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் 2013 முதல் ஒரே ஒரு விருப்பப் பாடம்தான், அதற்கு 500 மதிப்பெண். இரண்டு டிகிரி இருந்தாலும் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

மற்ற பாடம் வீணா? இல்லை. 250 மதிப்பெண்ணுக்கான பொது அறிவு இரண்டாம் தாளில் அரசியலமைப்பு, ஆட்சிமுறை வருகிறது. 250 மதிப்பெண்ணுக்கான நான்காம் தாளான அறவியலில் மனப்பான்மை, உணர்வுசார் நுண்ணறிவு போன்ற பகுதிகள் வருகின்றன. ஆனால் அதற்கு மட்டும் என்றால் இரண்டாவது டிகிரி தேவையில்லை, நாலு நல்ல புத்தகம் போதும்.

டிகிரி முடித்தால் கவுன்சலிங் கொடுக்கலாமா?

இளநிலை உளவியல் மட்டும் முடித்தவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு முதுநிலை, அதன்பின் அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பயிற்சிப் படிப்பு, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு என்று படிகள் இருக்கின்றன. அந்தப் பாதையில் போகும் எண்ணம் இருந்தால் உளவியல் மேஜரில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

அரசியல் அறிவியலுக்கு இப்படி ஒரு உரிமமோ பதிவோ கிடையாது. அதனால்தான் இதைத் தொலைதூரத்தில் படித்தாலும் நஷ்டம் குறைவு.

வெளிநாட்டில் எப்படி?

ஆஸ்திரேலியாவில் டபுள் டிகிரி சர்வசாதாரணம். ஒரே பல்கலைக்கழகம், ஒரே சேர்க்கை, இரண்டு பட்டம். பொதுவான பாடங்கள் இரண்டுக்கும் கணக்கில் வருவதால், தனித்தனியாகப் படித்தால் ஆகும் ஆண்டுகளைவிடக் குறைவாகவே ஆகும். பிரிட்டனில் இரண்டு பாடத்தையும் சேர்த்து ஒரே பட்டமாகத் தரும் ஜாயின்ட் ஹானர்ஸ் முறை பிரபலம்.

அங்கேயும் சிக்கல் உளவியல் பக்கம்தான். இணைப் படிப்பில் உளவியலின் பங்கு போதாவிட்டால், தொழில்முறை அமைப்பின் அங்கீகாரம் கிடைக்காமல் போகலாம். கடன் வாங்கிப் போகிறவர்கள் ஏஜென்ட் சொல்வதை நம்பாமல், படிப்புக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழகத்திடமே கேட்டு வாங்குங்கள்.

சேரும் முன் செக் பண்ண வேண்டியவை

• இன்னமும் 'கரஸ்ல சைக்காலஜி' என்று விளம்பரம் வந்தால், பணம் கட்டாதீர்கள். யுஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் அந்த நிறுவனம், அந்தப் படிப்பு, அந்த சேர்க்கைக் காலம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.
• தொலைதூரப் படிப்பில் சேர 'டெப் ஐடி' தேவை. அதை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள், சேர்க்கை மையத்திடம் விடாதீர்கள்.
• இரண்டாவது டிகிரியை உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.
• ஒரிஜினல் டி.சி.-யை கல்லூரி வாங்கிக்கொள்ளும். இரண்டாவது இடத்தில் எந்த ஆவணம் போதும் என்று முன்பே விசாரியுங்கள்.
• வகுப்பு நேரம் மோதக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது. செமஸ்டர் தேர்வுத் தேதி மோதினால் அது உங்கள் தலைவலி. இரண்டு பழைய கால அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

தேர்தல் ஆய்வு, கருத்துக்கணிப்பு, கொள்கை வகுப்பு, அரசியல் செய்தி என்று போக விரும்புகிறவர்களுக்கு இந்தக் கூட்டணி நல்ல முதலீடு. பேருக்குப் பின்னால் இரண்டு டிகிரி போட்டுக்கொள்ள மட்டும் என்றால், அந்த நேரத்தில் ஒன்றை ஒழுங்காகப் படிப்பது மேல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டு பாடத்திட்டங்கள். உளவியல் வகுப்பில் ஓட்டுக்குப் பணம் பற்றிப் பேச மாட்டார்கள். கரஸ் புத்தகத்தில் நன்றிக்கடன் பற்றி இருக்காது. இரண்டுக்கும் நடுவே பாலம் போடும் வேலை முழுக்க மாணவருடையது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு: உளவியல் படிப்பில் ப்ராஜெக்ட் செய்யச் சொல்லும்போது, உங்கள் வார்டு, உங்கள் தேர்தல், உங்கள் கிராம சபையையே தலைப்பாக எடுங்கள். வேலைக்கான நேர்காணலில் "ரெண்டும் ஏன் படிச்சீங்க?" என்று கேட்டால், காட்டுவதற்கு அந்த ப்ராஜெக்ட் கையில் இருக்கும்.