கை கோர்த்தால் ஆம்பளை இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணையில் நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையில் நடந்த விஷயம் இது. தரம் 9இல் இரண்டு பையன்கள். ஒருவன் டவுனில் இருந்து வரும் முஸ்லிம் பிள்ளை, மற்றவன் மேல் தோட்டத்து லயத்துப் பிள்ளை. இடைவேளை விட்டால் இருவரும் கை கோர்த்துக்கொண்டுதான் நடப்பார்கள். ஒருநாள் பெரிய வகுப்புப் பையன்கள் அவர்களைப் பார்த்து, "புருஷனும் பொஞ்சாதியும் போகுதுடோய்" என்று கூவினார்கள். பக்கத்தில் நின்ற ஆசிரியர்கள் நாங்களும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் ஒருவன் முன்னால் போனான், மற்றவன் பின்னால் போனான். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து நடக்கவே இல்லை.

அந்தத் தோட்டத்துப் பிள்ளையின் அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அவனுக்கு அப்போது பிடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு கைதான். அதை விடச் செய்ததில் எங்கள் சிரிப்புக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எமது இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் நாங்கள் கட்டித் தழுவிக்கொள்கிறோம். முரட்டு மீசைக்காரரும் தழுவுவார், கடை முதலாளியும் தழுவுவார். சித்திரைப் புத்தாண்டில் பக்கத்து சிங்கள வீட்டில், பேரப்பிள்ளை கண்ட மனிதர்கூட வெற்றிலையைக் கொடுத்துத் தாயின் காலில் மண்டியிட்டு வணங்குகிறார். தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து வரும் இளைஞர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு வருகிறார்கள். இவர்களில் யாரை ஆம்பளை இல்லை என்று சொல்வோம்?

அப்படியானால் விறைத்து நிற்பதுதான் ஆண்மை என்று யார் எமக்குச் சொல்லித் தந்தது? தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். துரை இடுப்பில் கையை ஊன்றி நிற்பாராம். அவர் வரும்போது தொழிலாளி தலைத்துண்டை அவிழ்த்து, பாதையோரம் ஒதுங்கிக் குனிந்து நிற்க வேண்டுமாம். துரை நின்ற அந்த நிலை ஆண்மை அல்ல, அதிகாரம். அதிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, அதுதான் ஆம்பளைத்தனம் என்று நாமும் பழகிவிட்டோமோ என்று தோன்றுகிறது. இப்போது அதே பாடத்தைப் பிள்ளைகள் போனில் படிக்கிறார்கள்.

"காலம் மாறிவிட்டது சேர், இப்போது ஆணும் ஆணும் கை கோர்த்தால் அர்த்தம் வேறு" என்று சிலர் சொல்வார்கள். எல்லா ஊரிலும் அப்படி இல்லை. 2005 ஏப்ரலில், அப்போது சவூதியின் பட்டத்து இளவரசராக இருந்த அப்துல்லாஹ், அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷின் டெக்சாஸ் பண்ணை வீட்டுக்குப் போனார். புஷ் அவருடைய கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். அந்தப் படத்தை வைத்து அமெரிக்காவில் எவ்வளவோ கேலி செய்தார்கள். ஆனால் அரபு நாட்டில் அது நட்புக்கும் மரியாதைக்கும் அடையாளம். அங்கே வேலை செய்த எமது சகோதரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். அதற்காகச் சொந்த ஊர் வழக்கத்தை நினைத்து அவர்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

எமது மார்க்கத்திலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பேரப்பிள்ளை ஹஸன் (ரழி) அவர்களை முத்தமிட்டதை அக்ரஃ பின் ஹாபிஸ் என்ற தலைவர் பார்த்தார். தனக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் கிடைக்காது என்ற கருத்தில்தான் நபியவர்கள் பதில் சொன்னார்கள். மகன் இப்ராஹீம் மரணித்தபோது எல்லோர் முன்னாலும் கண்ணீர் விட்டவர்களும் அவர்களே.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பிடிக்காத தொடுகை வேறு விஷயம். "வேண்டாம்" என்று சொல்லும் தைரியத்தையும் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி, அன்பான தொடுகை எல்லாவற்றையும் கேலியாக்கிவிடக் கூடாது.

அந்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, சிரித்தது எங்கள் பிழை என்று சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு "சரி சேர்" என்றார்கள். இன்னும் தள்ளித்தான் நடக்கிறார்கள். கூவிய பிள்ளைகளோடும் பேசினோம். கண்டிக்கவில்லை, விளங்கப்படுத்தினோம்.

தகப்பன்மார்களே, உங்கள் மகனின் கையை நீங்கள் கடைசியாகப் பிடித்து நடந்தது எப்போது? வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகும்போது, கோயிலுக்கோ பன்சலைக்கோ போகும்போது, ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அவன் முதலில் வெட்கப்படுவான். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.