வலி போன பிறகும் ஒரு நடை



உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "ரூட் கெனால் செய்தாயிற்று, வலியும் போய்விட்டது. இனி கேப் எதற்கு?" சில வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். வலி நின்றதும் பல் டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முறுக்கைக் கடித்தபோது அந்தக் கடைவாய்ப்பல் நெடுக இரண்டாகப் பிளந்தது. பிளவு ஈறுக்குக் கீழே வெகுதூரம் இறங்கியிருந்தது. பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

அதனால்தான், போன மாதம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தைப் பார்க்க அழைத்தபோது உடனே கிளம்பினேன். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து சீரமைத்த பல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அங்கே சோதிக்கிறார்கள்.

சோதனைக்கு வருபவை பெரும்பாலும் முன்கடைவாய்ப் பற்கள். கிளிப் போட இடம் வேண்டும் என்பதற்காக எடுத்தவை. அவற்றை ஈரம் காயாமல் திரவத்திலேயே வைத்திருக்கிறார்கள். காய்ந்தால் பல் தானாகவே விரிசல் விட்டுவிடும். வேரைச் சுத்தம் செய்து அடைத்த பிறகு, சில பற்களுக்கு வெறும் அடைப்பு, சிலவற்றுக்குக் கேப். 5 டிகிரி குளிர்நீரிலும் 55 டிகிரி வெந்நீரிலும் அவற்றை நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றி முக்குகிறார்கள். ஐஸ் தண்ணீரும் சூடான காபியும் நம் பல்லுக்குச் செய்வது அதுதானே! வேரைச் சுற்றி மெல்லிய சிலிகான் பூச்சு. அது பல்லைத் தாடையில் பிடித்திருக்கும் நார்த்திசுவுக்குப் பதில். அதைச் சுற்றி அக்ரிலிக் கட்டை. அது எலும்புக்குப் பதில்.

நான் பார்த்த பல்லின் இரு முகடுகளுக்கு நடுவே, அழுத்தும் இயந்திரத்தின் எஃகுக் குண்டு வந்து உட்கார்ந்தது. வேகம் நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர்; எதுவும் அசைவதாகவே கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் பாரத்தைக் காட்டும் கோடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். கோடு சரிந்தது. முதுநிலை மாணவி எண்ணைக் குறித்துக்கொண்டு, பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை நியூட்டனில் உடைந்தது என்பதோடு, எங்கே உடைந்தது என்பதும் முக்கியமாம். ஈறு மட்டத்துக்கு மேலே உடைந்தால் மறுபடி கட்டலாம். வேருக்குள் இறங்கினால் பல் போயிற்று. என் பல் நினைவுக்கு வந்தது.

நரம்பெடுத்த பல் காய்ந்த விறகு போல ஆகிவிடும் என்று பலரும் நம்புகிறோம். 1992-இல் செட்ஜ்லி, மெஸ்ஸர் என்ற இரு ஆய்வாளர்கள், சிகிச்சை பெற்ற 23 பற்களை, அதே வாயில் மறுபக்கம் இருந்த உயிருள்ள பற்களோடு ஒப்பிட்டார்கள். சிகிச்சை பெற்ற பல் எளிதில் நொறுங்கும் பல்லாக மாறிவிடவில்லை என்பதே அவர்கள் கண்டது. அப்படியானால் பலம் எங்கே போகிறது? 1989-இல் வெளிவந்த ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆய்வில் விடை இருக்கிறது. வேர் சிகிச்சைக்காகத் திறக்கும் வழியால் பல்லின் விறைப்பு 5 சதவீதமே குறைகிறது. கடிக்கும் பரப்பில் மட்டும் குழி எடுத்தால் 20 சதவீதம். சொத்தை முன்பக்க, பின்பக்க விளிம்புகளையும் தின்று, அவற்றையும் எடுக்க நேர்ந்தால் 63 சதவீதம்! பல்லின் பலம் அதன் சுவர்களில்தான் இருக்கிறது.

சுவர் போன பல்லைக் கடிக்கும்போதெல்லாம், எஞ்சிய முகடுகள் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். மாட்டுவண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டா இறுக்கிப் பிடிப்பதுபோல, கேப் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதற்கும், ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது நம் சொந்தப் பல் மிஞ்சியிருப்பது நல்லது. தள்ளிப்போடப் போட, கேப் பிடிப்பதற்கான அந்த இடமும் உடைந்து குறையும்.

ஆய்வகத்தில் ஒரே ஓர் அழுத்தம். வாயிலோ வருடக்கணக்கான மெல்லல். அதனால் இயந்திரம் சொல்லும் எண் மட்டும் போதாது. அமெரிக்காவில் அக்விலினோ, கேப்லன் இருவரும் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன.

எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டியதில்லை. அதிகம் சேதமாகாத முன்பல்லுக்கு அடைப்பே போதுமானதாக இருக்கலாம். "என் பல்லில் எத்தனை சுவர் மிச்சம் இருக்கிறது?" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பணம்தான் தடை என்றால் அதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். முகடுகளைக் கொஞ்சம் குறைத்து, அவற்றையும் மூடி அடைத்துவைக்கிற வழி இருக்கிறது.

மேசை இழுப்பறையில் பழைய அப்பாயின்ட்மென்ட் அட்டை ஏதாவது கிடக்கிறதா? எடுத்துப் பாருங்கள். வலி இல்லாத இந்த வாரத்திலேயே ஒரு நடை போய்வாருங்கள். நான் போகாமல் விட்ட நடை அது.

அன்புடன்,
ஆசிரியர்