உலகம் அழியும்போது நாம் யார் வீட்டில் இருப்போம்?

உலகம் அழிகிற படங்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தில் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். பூமி பிளக்கும், கடல் பொங்கும், கட்டடங்கள் சரியும், ஹீரோவின் குடும்பம் மட்டும் கரெக்டாகத் தப்பிக்கும். 2009-ல் வந்த '2012' மாதிரி. இரண்டாவது ரகத்தில் உலகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே இருக்கும். அதற்கு நடுவிலேயே ஜனங்கள் வேலைக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் முதல் ரகம். அவர்களோடு உட்கார்ந்து நாமும் பார்க்க வேண்டியது இரண்டாவது ரகம் என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு 1973-ல் வந்த 'சாயிலண்ட் கிரீன்'. ரிச்சர்ட் ஃப்ளைஷர் எடுத்தது, ஹாரி ஹாரிசன் 1966-ல் எழுதிய நாவலிலிருந்து. கதை நடப்பது 2022-ல், நியூயார்க்கில். ஊரில் 4 கோடிப் பேர். மாடிப்படியெல்லாம் ஆட்கள் படுத்துக் கிடப்பார்கள், அவர்களைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். தண்ணீர் ரேஷன். வீட்டில் விளக்கு எரிய சைக்கிள் மிதிக்க வேண்டும். சாப்பாடு என்பது ஒரு கம்பெனி செய்து விற்கிற வில்லை.

அந்த வில்லையை எதில் செய்கிறார்கள் என்பதுதான் படத்தின் பிரபலமான ரகசியம். பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன். மூல நாவலில் அந்த ரகசியமே கிடையாது, சினிமாவுக்காகச் சேர்த்தது. அதைவிட என்னை உலுக்கிய இடம் வேறு.

ஹீரோ தார்ன் (சார்ல்டன் ஹெஸ்டன்) ஒரு போலீஸ்காரர். ஒரு பணக்காரர் கொலையாகி, விசாரிக்க அந்த ஃப்ளாட்டுக்குப் போகிறார். வாசலில் காவல். உள்ளே ஏசி. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, பக்கத்தில் சோப்பு. மனுஷர் கொலையை மறந்து முகம் கழுவ ஆரம்பித்துவிடுகிறார். கிளம்பும்போது அங்கிருந்த மாட்டிறைச்சி, காய்கறியெல்லாம் சுருட்டிக்கொண்டு வருகிறார். வீட்டில் கூட இருக்கும் கிழவர் சால் அந்த இறைச்சியைப் பார்த்ததும் அழுதுவிடுகிறார். சாலாக நடித்த எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு அதுதான் கடைசிப் படம். படம் வெளிவருவதற்குள், 1973 ஜனவரியில் இறந்துபோனார்.

தார்ன் அழவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்குப் பழைய உலகம் தெரியாது, அதனால் எதை இழந்தோம் என்றும் தெரியாது. அழிவுக்கு மனிதர்கள் பழகிப்போவது அப்படித்தான், ஒரு தலைமுறை போதும்.

இப்போது நிஜத்துக்கு வருவோம். ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' 1982-ல் வந்தது. கதை நடப்பது 2019 நவம்பரில், விடாமல் மழை பெய்யும் லாஸ் ஏஞ்சலிஸில். நிஜமான 2019 எப்படி இருந்தது? கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் 25 லட்சம் லிட்டர் குடிதண்ணீரோடு வந்து சேர்ந்தது. நவம்பர் 1-ம் தேதி டெல்லி வட்டாரத்தில் காற்று மாசுக்காக பொது சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அம்மா அப்பா இருக்கிற ஊரில் தண்ணீர் இல்லை, பிழைக்க வந்த ஊரில் மூச்சு விடக் காற்று இல்லை. ஆனால் அதை உலக அழிவு என்று யார் சொன்னோம்? அங்கே டேங்கருக்கு போன் போட்டோம், இங்கே ஏர் பியூரிஃபையர் வாங்கினோம். அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

"அந்தப் படம் சொன்னது பலிக்கவில்லையே சார்" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022-ல் நியூயார்க் நகரத்து ஜனத்தொகை ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. அந்தக் காலத்தில் 'ஜனத்தொகை வெடிகுண்டு' என்றொரு பயம் இருந்தது. பால் எர்லிக் 1968-ல் அதே பெயரில் எழுதிய புத்தகம் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? டெல்லியில்! ஒரு ராத்திரி டாக்ஸியில் போகும்போது தெருவில் பார்த்த கூட்டத்தைக் கண்டு மிரண்டதில். அன்றைக்கு டெல்லியைவிட பாரிஸ் வட்டாரத்தில்தான் ஜனம் அதிகம். பாரிஸைப் பார்த்து அப்படி மிரண்டவர்கள் குறைவு. ஏழைகள் கூடி நின்றால்தான் அது பயமாகத் தெரிகிறது.

ஆக, படத்தில் கணக்கு தப்பு. ஆனால் அந்த ஃப்ளாட் தப்பில்லை. உள்ளே தண்ணீரும் குளிர்ந்த காற்றும், வெளியே படிக்கட்டில் படுத்திருக்கும் ஜனம், நடுவில் ஒரு கதவு. ஃப்ரிட்ஸ் லாங் 1927-லேயே 'மெட்ரோபோலிஸ்' படத்தில் இதைக் காட்டிவிட்டார். மேலே முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோட்டம், கீழே பாதாளத்தில் தொழிலாளர் நகரம்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. படம் பார்க்கும்போது நாம் எல்லோரும் தார்ன் பக்கம். டிவியை அணைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தால், நாம் உட்கார்ந்திருப்பது அந்தக் கொலையான பணக்காரரின் ஃப்ளாட்டில்! ஜன்னலைச் சாத்திவிட்டு மெஷினில் சுத்தம் செய்த காற்று நமக்கு. ராத்திரி முழுக்க கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு வெளிக்காற்று. டேங்கருக்குக் காசு கொடுக்க முடிகிற வரை தண்ணீர்ப் பஞ்சம் நமக்கு ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதில் இன்னொரு சௌகரியம் உண்டு. "இது நம்ம ஊர் இல்லையே" என்று சொல்லிவிடலாம். இங்கே ஓட்டுரிமையைக்கூட மாற்றிக்கொள்ளாமல், வார்டு கவுன்சிலர் பெயர்கூடத் தெரியாமல் எத்தனை வருஷம் ஓட்டுகிறோம்! அதுவும் கதவைச் சாத்துவதுதான்.

சின்னப் பிள்ளைகள் என்றால் 2008-ல் வந்த 'வால்-ஈ'யில் ஆரம்பிக்கலாம். பதினைந்து வயதுக்கு மேல் என்றால் 'சாயிலண்ட் கிரீன்' (பெண்களை வீட்டோடு வாடகைக்கு விடும் சாமான் போல நடத்தும் காட்சிகள் உண்டு, அதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்). பார்த்து முடித்ததும் வில்லையின் ரகசியத்தைப் பற்றிப் பேசாதீர்கள், அதை அவர்களே பேசுவார்கள். "இந்தக் கதையில் நம்ம வீடு எது?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். நமக்குத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.